கொட்டிவாக்கத்துப் படை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கொட்டிவாக்கம் குப்பத்தில் எந்தத் துணியும் முழுசாகக் காயாது. வெளியே கொடியில் போட்டால் உப்புக்காற்று நனைத்துவிடும். உள்ளே போட்டால் மீன்வாடையும் ஈரமும் சேர்ந்து இழைக்குள் புகுந்துகொள்ளும். ஆண்கள் நனைந்த கால்சட்டையோடு கடலுக்குப் போய், நனைந்த கால்சட்டையோடு கரையேறி, அதையே பிழிந்து மாட்டிக்கொண்டு மறுநாளும் போவார்கள். அந்த மழைக்காலத்தில்தான் ஆண்டனியின் மகள் ஜெசிந்தாவுக்குத் தலையில் முடி உதிர ஆரம்பித்தது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை, இடுப்புவரை முடி. அம்மா டயானா காலையில் மீன் எடுக்கக் கரைக்கு ஓடுவதற்கு முன்னால் அவசர அவசரமாக இரட்டைச் சடை போட்டுவிடுவாள். அன்றைக்குச் சீப்பு ஓரிடத்தில் சொரசொரவென்று உரசியது. விலக்கிப் பார்த்தாள். காதுக்கு மேலே வட்டமாக ஓரிடம். முடி வேரோடு போகவில்லை, குட்டைக் குட்டையாக ஒடிந்து நின்றது. மேலே பொடி மீனின் செதிள்போல வெள்ளையாக உதிர்ந்தது.

"ஏண்டி, அரிக்குதா?"

"ரொம்ப நாளா அரிக்குதும்மா."

"சொல்லவே இல்ல?"

"பேன் புடிச்சிக்கினு வந்துட்டேன்னு அடிப்பியே."

டயானாவுக்கு அடிக்கவும் தோன்றவில்லை, திட்டவும் தோன்றவில்லை. அந்த இடம் மறையும்படி சடையை இறுக்கிப் பின்னி அனுப்பினாள்.

கடற்கரைக்கு இறங்குகிற தெருவின் முனையில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே டயானாவும் பச்சையம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்பார்கள். இரண்டு பேரில் மூத்தவள் பச்சையம்மாதான். பருத்த உடம்பு, பெரிய குரல். அடையாறிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர்களிடம் செவுளைத் தூக்கிக் காட்டிச் சிவப்பை நிரூபித்துக்கொண்டே உலக விஷயம் அத்தனையும் பேசிவிடுவாள். டயானா சொன்னதைக் கேட்டதும் சங்கரா மீனை வெட்டிக்கொண்டிருந்த கத்தியை நிறுத்தினாள்.

"புழுவெட்டும்மே அது. கண்ணுக்குத் தெரியாத புழு ஒண்ணு முடிய துண்ணுட்டுப் பூடும். சின்ன வெங்காயத்த நசுக்கி நல்லா தேயி. எரியும். எரிஞ்சாத்தான் சாவும்."

டயானா தேய்த்தாள். பிள்ளை போட்ட கூச்சலில் தெருநாய்கள் எழுந்து நின்றன. எரிச்சல் மட்டும் மிஞ்சியது. மூன்றாவது தடவை வெங்காயத்தை எடுத்தபோது ஆண்டனி தடுத்தான்.

"வுடும்மே கொயந்தய. எங்கண்ட ஒரு டியூப் கீது. அத்த பூசு."

வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பின்னால் கைவிட்டு, பாதி நசுங்கிய டியூப் ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

"இது எதுக்கு வாங்கின?"

"உப்புத்தண்ணி அரிப்புக்கு. சுயம்புலிங்கம் மெடிக்கல்ல குடுத்தாரு."

பெரிய ரோட்டு ஓரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் சுயம்புலிங்கம் கேட்டதைக் கொடுப்பார், எதற்கு என்று கேட்கமாட்டார். குப்பத்து ஆண்களுக்கு அவரிடம் அதுதான் பிடித்திருந்தது.

டியூப் போட்ட வாரத்தில் அரிப்பு அடங்கியது. சிவப்பு மங்கியது. ஜெசிந்தா இரவெல்லாம் தூங்கினாள். டயானா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். அதற்கப்புறம் கார்த்திகை மழை நின்று பெய்யத் தொடங்கியபோது வட்டம் அகன்று பின்னந்தலைவரை போனது. அதன் நடுவில் எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கிக் கவிழ்த்ததுபோல ஒரு வீக்கம் எழும்பியது. தொட்டால் சொதசொதவென்று இருந்தது. அங்கங்கே சீழ் துளிர்த்தது. கழுத்தோரம் நெறி கட்டியது. பிள்ளையால் தலையணையில் தலை வைக்க முடியவில்லை. அம்மாவின் மடியில் குப்புறப் படுத்தே தூங்கினாள்.

பள்ளியில் டீச்சர் அவளைக் கடைசிப் பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார். பக்கத்துப் பிள்ளைகளின் அம்மாக்கள் வந்து பேசியிருந்தார்கள். கூடவே சுற்றுகிற தீபிகாகூட தூரத்தில் நின்று கையை ஆட்டிவிட்டுப் போனாள். அதைச் சொல்லும்போது ஜெசிந்தா அழவில்லை. "நா இனிமே ஸ்கூலுக்குப் போல, உங்கூட மீன் விக்க வரேன்" என்றாள்.

ஆண்டனியோடு ஒரே படகில் போகும் ஜான், வீட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மொட்ட அட்ச்சுட்டு, கட்டிய ஒடச்சு வுட்ருங்க. சீயெல்லாம் வெளிய வந்துட்டா ஆறிடும்" என்றான். ஆண்டனிக்கும் அதுவே சரியென்று பட்டது.

"நாளைக்கே சலூனுக்கு இஸ்துகினு போறேன்."

"கத்தி படட்டும், அப்பறம் கீது உனக்கு" என்றாள் டயானா. "பொண்ணுய்யா அவ. முடி திரும்ப மொளைக்கலன்னா இன்னா பண்ணுவ? பெரியாஸ்பத்திரிக்குப் போலாம். கடல் கொந்தளிப்பாத்தான கீது, நாளைக்கு நீயும் வா."

"நா எதுக்கு?"

"உம் பொண்ணுதான?"

மறுநாள் மூன்று பேரும் அடையாறு, மந்தைவெளி, மயிலாப்பூர் எல்லாம் தாண்டி பஸ்ஸில் நெரிந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தோல் நோய்ப் பிரிவில் வரிசை வராந்தாவைத் தாண்டி மாடிப்படிவரை நின்றது. ஜெசிந்தா துப்பட்டாவால் தலையைப் போர்த்திக்கொண்டு அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

டாக்டர் ஜஹனாரா இளம்பெண்தான். பேச்சில் திருவல்லிக்கேணி வாடை அடித்தது. பிள்ளையைத் தன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, துப்பட்டாவைத் தானே மெல்ல எடுத்தார்.

"வலிக்குதா கண்ணு? நான் அமுக்க மாட்டேன். நாலு முடி மட்டும் எடுத்துக்கறேன். லென்ஸ்ல பாக்கணும்."

ஒடிந்த முடியையும் செதிளையும் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார். "இதுக்கு என்னென்ன போட்டீங்க?"

"வெங்காயம் தேச்சேம்மா. அப்பறம் இது" என்று டயானா பையிலிருந்து டியூபை எடுத்து வைத்தாள்.

டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜையின் கோடியில் வைத்தார். "இதுல கலந்திருக்கற ஸ்டீராய்டு அரிப்ப மட்டும் அடக்கிடும். சரியாயிடுச்சுன்னு நாம நெனச்சிக்குவோம். அடியில படை ஜம்முனு வளந்துக்கிட்டே போகும். இது புழுவெட்டு இல்லம்மா. தலையில வர்ற படை. உங்க கையில கால்ல வருமே, அதே பூஞ்சைக் காளான்தான்."

"மொட்ட அட்ச்சு, கட்டிய கீறி வுட்டா?" என்று ஆண்டனி பின்னாலிருந்து கேட்டான்.

"ரெண்டும் வேணாம். பாக்க சீழ்க்கட்டி மாதிரி இருக்கும். ஆனா அந்தக் காளானோட உடம்பு சண்டை போடறதுல வர்ற வீக்கம் இது. மாத்திரை குடுத்தா தானா வடியும். மேல பூசறது முடி வேருக்குள்ள எறங்காது, உள்ளுக்குத்தான் சாப்பிடணும். ரெண்டு மாசம் ஆகலாம். வெறும் வயித்துல குடுக்காதீங்க. எண்ணெய்ல பொரிச்ச மீன், பால், முட்டை, இதுங்க கூட குடுத்தாத்தான் மருந்து நல்லா புடிக்கும்."

பொரித்த மீன் என்றதும் ஜெசிந்தா முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள்.

"முடி வருமாம்மா?" என்று கேட்டாள் டயானா.

"பெரும்பாலும் வந்துரும். இன்னும் தள்ளிப் போட்டிருந்தா அந்த எடம் தழும்பாகி வழுக்கையா நின்னிருக்கும். கத்தி வெக்காம கூட்டிட்டு வந்தீங்களே, அது நல்லது. மாத்திரை ஆரம்பிச்சிட்டா ஸ்கூலுக்கு அனுப்பலாம். ஷாம்பு ஒண்ணு எழுதறேன், வீட்டுல எல்லாருமே போடுங்க. சீப்பு, ரிப்பன், துண்டு எதையும் ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கக் கூடாது." கொஞ்சம் நிறுத்தி, "வீட்டுல வேற யாருக்காவது அரிப்பு, படை இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லம்மா" என்றாள் டயானா.

"யாருக்கும் இல்ல டாக்டரம்மா" என்று ஆண்டனி மின்விசிறியைப் பார்த்துச் சொன்னான்.

டாக்டர் மேஜைக் கோடியில் கிடந்த டியூபைப் பார்த்தார். அது பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. "யாருக்காவது இருந்தா அவங்களும் வந்து காட்டணும். இல்லன்னா நாம இவளுக்கு எத்தன மாத்திரை குடுத்தாலும் திரும்ப வந்துக்கிட்டேதான் இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பியதும் டயானா நெத்திலியைப் பொரித்து, சோறு போட்டு, பிள்ளைக்கு முதல் மாத்திரையை விழுங்கவைத்தாள். ஜெசிந்தா விளையாட்டுக்கு வெளியே நழுவியதும் கொடியில் தொங்கிய பச்சைத் துண்டை உருவினாள். ஆண்டனி கடலுக்குக் கொண்டுபோகிற துண்டு அது. இடுப்பில் கட்டுவான், வேர்வை துடைப்பான், குளித்தால் துவட்டுவான். ஜெசிந்தாவுக்குத் தலை குளிப்பாட்டினால் டயானா துவட்டிவிடுவதும் அதில்தான். வீட்டில் பெரிய துண்டு அது ஒன்றுதான்.

"டியூப் யாருக்கு வாங்கினது?"

"சொன்னனே, உப்புத்தண்ணி..."

"உப்புத்தண்ணி உம் மூஞ்சியிலயும்தான் படுது. அங்க பூசினியா? டபாய்க்காத. லுங்கிய எறக்கு, பாப்போம்."

"ஏய், இன்னாம்மே நீ!" ஆண்டனி எழுந்து சுவரோரம் போய்விட்டான்.

அலையில் படகு கவிழ்ந்தபோது ஜானின் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்துவந்தவன் அவன். இப்போது இடுப்பு லுங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். சுவரைப் பார்த்தபடியே சொன்னான்.

"ரெண்டு வர்சமா கீது. இடுப்புலயும் தொடையிலயும். போவும், வரும். சொரிஞ்சு சொரிஞ்சு தோலே தடிச்சுப் போச்சு."

"எங்கண்ட சொல்றதுக்கு இன்னா?"

"இன்னான்னு சொல்றது? கண்ட எடத்துக்குப் போறவனுக்குத்தான் இதெல்லாம் வரும்னு பேசுவாங்கோ. நீயும் அப்டி நெனச்சிட்டா?"

டயானா அவனையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். கோபம் முழுசாக இருக்கும்போதே வந்த சிரிப்பு அது.

"யோவ். விடிஞ்சா கடலு, வந்தா வலை, வலைய வுட்டா சோறு, சோத்த வுட்டா தூக்கம். நீ எங்கய்யா கண்ட எடத்துக்குப் போவ? உனக்கு ஈசிஆர் ரோடு தாண்டினாலே வழி தெரியாது."

ஆண்டனிக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப... பாப்பாவுக்கு என்னாலதான் வந்துச்சா?"

டயானா துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கினாள். ஆண்டனி வெளியே போய்க் கவிழ்த்துப் போட்டிருந்த படகின்மேல் சாய்ந்து நின்றான். தூறலில் நனைந்துகொண்டே நின்றவனிடம் ஜெசிந்தா ஓடிப்போய், "நைனா, டாக்டரு டெய்லி மீன் துண்ணச் சொல்லிட்டாங்க, நாளைக்கு வஞ்சிரம் புடிச்சிக்கினு வா" என்றாள். அவன் அவளைத் தூக்கிக்கொண்டான். அதற்குமேல் அவனால் படையை ஒளித்துவைக்க முடியவில்லை. அடுத்த தோல் பிரிவு நாளில், மாதா கோவிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, யாரும் சொல்லாமலே போய் வரிசையில் நின்றான்.

ஆஸ்பத்திரிக்குப் போன கதையை அவன் டயானாவிடம் சொன்னபோது பாதியைத்தான் சொன்னான். "திரை போட்டுத்தாம்மே பாத்தாங்கோ. ஆம்பள டாக்டர் ஒருத்தரையும் கூப்ட்டாங்கோ. இதுக்குப் போயி இன்னாங்க வெக்கம், ஊர்ல பாதிப் பேருக்குக் கீதுன்னுட்டாங்கோ. ஈரத்தோட இருக்காத, துணிய வெயில்ல காயப் போடு, அரிப்பு நின்னாலும் மாத்திரய நிறுத்தாதன்னு சொன்னாங்கோ."

அதற்கப்புறம் அந்த வீட்டில் மூன்று துண்டுகள் இருந்தன. சிவப்பு ஜெசிந்தாவுக்கு, மஞ்சள் டயானாவுக்கு, பச்சை பழையபடி ஆண்டனிக்கு. சீப்பும் ஆளுக்கொன்று. டயானா பள்ளிக்குப் போய் டாக்டர் சொன்னதை டீச்சரிடம் சொல்லி, "எல்லாரோடயும் ஒக்காரலாம், சீப்பு மட்டும்தான் மாத்திக்கக் கூடாதாம் மிஸ்" என்று நின்ற இடத்தைவிட்டு நகராமல் நின்றாள். டீச்சரும் கெட்டவர் அல்ல, பயந்தவர். மறுநாள் ஜெசிந்தா பழைய இடத்துக்கு வந்தாள். தீபிகா ஒரு கை இடைவெளி விட்டு உட்கார்ந்தாள். அந்த வாரம் முடிவதற்குள் அந்த இடைவெளி தானாகக் காணாமல் போனது.

மார்கழிக் குளிரில் வீக்கம் வடிந்து தட்டையானது. பொருக்கு உதிர்ந்தது. அப்பாவும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்து, ஆளுக்கொரு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, யார் முதலில் விழுங்குவது என்று போட்டி போடுவார்கள். டயானா தோசைக்கல்லில் காணாங்கத்தையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "மாத்திர துண்றதுல ஒரு பந்தயமா?" என்பாள். வீட்டில் மீன் வறுவல் வாசனை தீராத மார்கழி அது. வாங்க ஆள் வராத சின்ன மீனெல்லாம் ஜெசிந்தாவின் வைத்தியத்துக்கு என்று சட்டிக்கு வந்துவிடும். ஆண்டனிக்கு அரிப்பு நின்று, ராத்தூக்கம் திரும்பியது. திரும்பியதும் மாத்திரையை மறக்க ஆரம்பித்தான். ஜெசிந்தா மறக்கவிடவில்லை.

தை பிறந்து வெயில் ஏறியது. டயானா ஒருநாள் எண்ணெய்க் கையால் தடவியபோது, வழுவழுவென்று இருந்த இடத்தில் விரல் நுனியில் என்னவோ உரசியது. வெளிச்சத்துக்கு இழுத்துவந்து பார்த்தாள். பூனைக்குட்டியின் முதுகுபோல மெல்லிய முடி, இடம் முழுக்க. தடவினாள், திரும்பத் தடவினாள். "கூசுதும்மா" என்று ஜெசிந்தா நெளிந்தாள். டயானா அவளை விடவில்லை.

அதே வாரம், பள்ளி விடுமுறை நாள் ஒன்றில்தான் அது நடந்தது. படகுகள் கரையேறியிருந்தன. வவ்வால் மீனும் கவளை மீனுமாக வலை நிறைந்த நல்ல பாடு. ஏலம் விடுகிறவரின் குரலும் பெண்களின் பேரமும் காக்கைகளும் சேர்ந்து கரையே இரைந்துகொண்டிருந்தது. ஆண்டனி, ஜான், படகில் கூடப் போகும் கோபால் எல்லோரும் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். காலையில் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைப் போடாமல் வந்திருந்தான் ஆண்டனி. ஜெசிந்தா ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் தண்ணீர் பாட்டிலுமாக மணலில் கால் புதையப் புதைய ஓடிவந்தாள். இரைச்சலில் கேட்காதென்று நினைத்து, வயிற்றிலிருந்து கத்தினாள்.

"நைனா! இடுப்புப் படைக்கி மாத்திர போடாம வந்துட்டியே!"

ஏலம் நின்றது. பச்சையம்மா கூடைக்குள் விட்ட கையை அப்படியே வைத்திருந்தாள். ஜான்தான் முதலில் சிரித்தான்.

"இன்னா மச்சி, இடுப்புலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளையை ஆண்டனி அறைந்துவிடுவானோ என்று தார்ப்பாய்க்குக் கீழே இருந்த டயானா எழுந்துவிட்டாள். ஆண்டனி நின்ற இடத்திலேயே நின்றான். காது சிவந்துவிட்டது. ஜெசிந்தா தப்பாக ஏதோ செய்துவிட்டது புரிந்து, மாத்திரையை நீட்டிய கையை மெதுவாகக் கீழே இறக்கினாள். அந்தக் கையைப் பிடித்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான் ஆண்டனி. தண்ணீரைக் குடித்து வாயைத் துடைத்தான்.

"ஆமாண்டா, இடுப்புலதான்" என்றான் எல்லோருக்கும் கேட்கும்படி. "ரெண்டு வர்சம் வெளிய சொல்லாம டியூப் பூசிக்கினு இருந்தேன். எந் துண்டுலதான் இவ தலைக்குப் போச்சு. முடியே போயிருக்கும், டாக்டரம்மா காப்பாத்தினாங்கோ. எனக்கும் மாத்திர குடுத்தாங்கோ. இப்ப சொரியறதே இல்ல. நிம்மதியா தூங்கறேன். சிரிக்கிறவன் சிரிச்சுக்கோ."

சிரிப்பு அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு நின்றது. ஏலம் மறுபடி ஆரம்பித்தது.

படகை மேட்டுக்குத் தள்ளும்போது ஜான் பக்கத்தில் வந்து தோளைக் கொடுத்தான். "மச்சி, எந்த ஆஸ்பத்திரி அது? எங்க மச்சானுக்குக் கேக்கறேன்."

"உங்க மச்சானுக்கா?"

"ஆமா. அவனுக்குத்தான்."

சாயங்காலம் கோபால் வந்தான். அவனுக்குத் தெரிந்த ஒருவருக்கு ஆஸ்பத்திரி விவரம் வேண்டியிருந்தது. மாதா கோவில் வாசலில் இன்னொருவன் அவனுடைய அண்ணனுக்காகக் கேட்டான். ஆண்டனி யாரையும் மடக்கவில்லை. "செவ்வாக்கெயம காலையில பஸ் ஸ்டாப்புக்கு வரச் சொல்லு. தனியா வர கூச்சமாயிருந்தா நீயும் தொணைக்கு வா" என்று எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை பஸ் நிறுத்தத்தில் மச்சானும் இல்லை, அண்ணனும் இல்லை. கேட்டவர்கள்தான் நின்றார்கள். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத நிலை. ஜெசிந்தாவின் கடைசிப் பரிசோதனைக்காக டயானாவும் கூட வந்தாள். பஸ் கிளம்புகிற நேரத்தில் பச்சையம்மா மூச்சு வாங்க ஓடிவந்து ஏறி, "தோ, மயிலாப்பூர்ல ஒரு வேல" என்று ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். மயிலாப்பூர் வந்தது, போனது. அவள் இறங்கவில்லை.

டாக்டர் ஜஹனாரா முதலில் ஜெசிந்தாவைக் கூப்பிட்டார். முடியை நுனிவிரலால் வகிர்ந்து வகிர்ந்து பார்த்து, "சூப்பர். இனிமே மாத்திரை வேணாம். ஆனா சீப்பு தனிதான், சரியா?" என்று கன்னத்தைத் தட்டினார். பிறகுதான் கதவுக்கு வெளியே பார்த்தார். சுவரோரமாக வரிசையாக நின்ற ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கீழே பார்த்தார்கள். முன்னால் ஆண்டனி.

"இவங்கல்லாம் யாரு?"

"நம்ம ஆளுங்கதான் டாக்டரம்மா."

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

ஆண்டனி திரும்பிப் பார்த்தான். ஜான் ஜன்னலைப் பார்த்தான். கோபால் செருப்பைப் பார்த்தான்.

பின்னாலிருந்து எல்லோரையும் இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு பச்சையம்மா உள்ளே வந்தாள். இடுப்பில் சேலைக்கட்டை ஒரு கையால் தளர்த்திக்கொண்டே மறுகையால் திரையை இழுத்தாள்.

"இவனுங்க சொல்றதுக்குள்ள பொழுது பூடும். மொதல்ல என்னப் பாரும்மா, ஏவாரத்துக்கு நேரமாவுது."